ரெக்கார்டிங் சென்டரிலிருந்து டெலிகிராம் வரை: எங்கள் பக்கத்து நகல் வரலாறு

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்தார். குன்னம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். சினிமாவில் பத்து வருடத்துக்கு மேல் உதவி இயக்குநராக அலைந்து, இப்போதுதான் ஒரு சின்னப் படத்தில் இணை இயக்குநர் என்று அவர் பெயர் திரையில் வந்திருக்கிறது.

"சார், நம்ம படம் பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தேன்பா. நல்லா இருந்துச்சு. அந்தக் கெணத்து மேட்டு சீன்ல எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு" என்றேன்.

ரொம்ப சந்தோஷப்பட்டார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "எங்க சார் பார்த்தீங்க? நம்ம பெரம்பலூர், அரியலூர் ரெண்டு ஊர்லயும் படம் வரவே இல்லியே?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் டெலிகிராமில் இறக்கி என் போனுக்கு அனுப்பியிருந்தான். அதைத்தான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தேன். 1985-ல் வேலையில் சேர்ந்து 2019-ல் ஓய்வு பெறும்வரை, 34 வருடம் "பக்கத்துல பார்த்து எழுதாதடா" என்று பிள்ளைகளைக் கண்டித்தவன் நான்.

அவரிடம் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாம் எப்படி இந்தப் பழக்கத்துக்கு வந்தோம் என்று பின்னோக்கி யோசித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

நான் பிறந்தது செந்துறை பக்கத்தில் ஒரு கிராமம். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. (இளையவர்களுக்காக: 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டம் ஆனது.) எங்கள் சிறுவயதில் பாட்டு என்பது யாரோ போட்டால் கேட்பது. மாரியம்மன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சவுண்டு சர்வீஸ்காரர் வருவார். புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, இசைத்தட்டைச் சுழலவிடுவார். மற்ற நாட்களில் இலங்கை வானொலி. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. பாட்டு காற்றில் இலவசமாக வந்தது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள மட்டும் வழி கிடையாது. கொட்டாயில் விற்ற பாட்டுப் புத்தகம் ஒன்றுதான் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடியது.

படம் இன்னும் தூரத்தில் இருந்தது. சினிமா விநியோகத்தில் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்திருப்பார்கள். சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை, சேலம், நெல்லை என்று போகும். நாங்கள் திருச்சி-தஞ்சாவூர் ஏரியா. சுருக்கமாக டிடி. ஒரு படத்துக்கு இத்தனை பிரிண்ட் என்று கணக்குப் பார்த்துத்தான் போடுவார்கள், ஏனென்றால் பிலிம் சுருளுக்கு ஆகும் செலவு அதிகம். அந்தப் பெட்டி முதலில் திருச்சி, தஞ்சை, கும்பகோணத்தில் ஓடும். அங்கே கூட்டம் குறைந்த பிறகு எங்கள் ஊர்களுக்கு வரும். அதற்கும் பிறகு கிராமத்து டூரிங் கொட்டாய்க்கு. அதற்குள் பிலிமில் கோடு விழுந்து, மழை பெய்வதுபோல் ஓடும். தீபாவளிக்கு வந்த படத்தை நாங்கள் மறு வருடம் ஆடியில் பார்த்திருக்கிறோம்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், நகல் பழக்கம் எங்கள் பக்கம் வேர்விட்டது இந்த இடத்தில்தான். தொழில் எங்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தது. முன்வரிசைக்கு யார் கதவைத் திறந்துவிட்டாலும் நாங்கள் போயிருப்போம். போனோம்.

முதல் கதவு கேசட். நெதர்லாந்தின் பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்தது. எங்கள் பக்கம் அது வந்து சேர எழுபதுகளின் கடைசி ஆனது. லப்பைக்குடிக்காடு பக்கமிருந்து சிங்கப்பூர், வளைகுடா போனவர்கள் திரும்பும்போது கையில் ஒரு நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் இருக்கும். நானும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அப்படித் திரும்பிய ஒரு மாமாவிடம் தவணை சொல்லி ஒன்று வாங்கினேன்.

அந்த நேரம் இளையராஜாவின் நேரம். 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கியவர், எண்பதுகளில் ஒரே வருடத்தில் எத்தனையோ படங்களுக்கு இசையமைத்தார். எக்கோ, இன்ரெகோ, எச்.எம்.வி. என்று கம்பெனிகள் பாட்டை வெளியிட்டன. ஆனால் கம்பெனி கேசட்டின் விலை, புது வாத்தியார் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் ஒரு படத்தில் நமக்குப் பிடித்தது இரண்டு பாட்டுதான் இருக்கும்.

இங்கேதான் ரெக்கார்டிங் சென்டர் வந்தது. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் எங்கே போனாலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்றாவது இருக்கும். சின்னக் கடை. சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். முன்னால் தடிமனான ஒரு நோட்டு, அதில் படவாரியாகப் பாட்டு வரிசை. நாம் ஒரு வெள்ளைத்தாளில் பன்னிரண்டு, பதினான்கு பாட்டை எழுதிக் கொடுப்போம். கூடவே ஒரு வெற்றுக் கேசட். அறுபது நிமிடக் கேசட் போதும் என்பார் சிலர், தொண்ணூறு வாங்கினால் லாபம் என்பார் சிலர், தொண்ணூறில் நாடா சிக்கிக்கொள்ளும் என்பார் கடைக்காரர். இரண்டு நாள் கழித்துப் போனால், முத்து முத்தான கையெழுத்தில் பாட்டுப் பெயர் எழுதிய அட்டையோடு கேசட் கிடைக்கும். இன்று பிள்ளைகள் பிளேலிஸ்ட் என்கிறார்களே, அதை நாங்கள் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, காசு கொடுத்து வாங்கினோம்.

அது சட்டப்படி சரியா என்று நாங்கள் யோசித்ததே இல்லை. கடைக்காரர் பெயர்ப்பலகை மாட்டி, விளக்கு போட்டு, சாமி படத்துக்கு மாலை போட்டுத் தொழில் செய்தார். ஆனால் சரியில்லை என்பதே உண்மை. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் அப்போதே இருந்தது. அப்படிப் பதிந்து விற்க உரிமைக்காரரின் அனுமதி வேண்டும்.

அதே காலத்தில் வடக்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். டெல்லி தரியாகஞ்சில் பழச்சாறுக் கடைக் குடும்பத்தில் வந்த குல்ஷன் குமார், டி-சீரிஸ் என்ற பெயரில் குறைந்த விலைக் கேசட்டைக் கொண்டுவந்தார். பழைய பாடல்களை வேறு பாடகர்களை வைத்துப் பாடிப் பதிவு செய்ய அன்றைய சட்டத்தில் இருந்த வழியைப் பயன்படுத்தினார். பெட்டிக்கடையில்கூடக் கேசட் தொங்கியது. பெரிய கம்பெனிகள் பலகாலமாகக் கட்டியிருந்த கோட்டை சில வருடங்களில் ஆட்டம் கண்டது. மக்களுக்கு விருப்பமில்லாமல் இல்லை, விலைதான் தடுத்தது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

சரி, ரெக்கார்டிங் சென்டரால் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் எவ்வளவு நட்டம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது நான் திடுக்கிட்டேன். 1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாடல் ஆசிரியர்கள், இசையமைப்பாளர்கள் உரிமைக்காக இருந்த ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்துக்கும் படத்தயாரிப்பாளர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு. காசு கொடுத்துப் படத்துக்காக எழுத வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்தப் பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பு வந்தது. அதாவது நான் கம்பெனி கேசட்டையே வாங்கியிருந்தாலும், பாட்டு எழுதிய பெரும்பாலான கவிஞர்களுக்கு அதில் ஒரு காசு போயிருக்காது. அவர் வாங்கியது அன்றைய கூலி. 2012-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் போராடினார். பாட்டு வேறு வழிகளில் சம்பாதிக்கும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது என்று ஆனது. திருட்டு என்று பேசும்போது, கடைத்தெருவில் நடந்ததை மட்டும் பேசினால் கதை பாதிதான்.

இரண்டாவது கதவு வீடியோ. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டிவி வந்தது. கொஞ்ச நாளில் வீடியோ டெக்கும் வந்தது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். தெருவில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம். சில ஊர்களில் தலைக்கு ஒரு ரூபாய் வசூலித்தும் காட்டினார்கள். திருச்சியில் ஓடிக்கொண்டிருக்கும் படம் எங்கள் தெருவில் ஓடும். திரையின் கீழே ஏதோ ஒரு நகைக்கடை விளம்பரம் ஊர்ந்துகொண்டே இருக்கும். தமிழக அரசு 1984-லேயே வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தச் சட்டம் போட்டது. சட்டம் சென்னையில் இருந்தது, டெக் எங்கள் தெருவில் இருந்தது. பிறகு கேபிள் டிவி வந்ததும் அதற்கும் அவசியமில்லாமல் போனது. ராத்திரி பத்து மணிக்குமேல் உள்ளூர்க் கேபிளில் புதுப்படம்.

முதல் அடி வாங்கியது டூரிங் கொட்டாய். எங்கள் ஊருக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த கொட்டாய் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூடியது. டிக்கெட் கிழித்தவர் எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் அப்பா. அவர் பிறகு அரியலூரில் சிமெண்டு மூட்டை ஏற்றப் போனார். கொட்டாய் மூடியதற்கு வீடியோ மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். டிவி, கேபிள், பஸ் வசதி எல்லாம் சேர்ந்துதான். ஆனால் கடைசி வரிசையில் இருந்த எங்களுக்குப் படம் காட்டிய ஒரே ஆளை நாங்களே முதலில் வெளியே அனுப்பினோம் என்பது மட்டும் உண்மை.

மூன்றாவது கதவு கணினி. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பாட்டைச் சுருக்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். 1995-ல் அதற்கு எம்பி3 என்று பெயர் வைத்தார்கள். பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கினாலும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. 1999-ல் அமெரிக்காவில் ஷான் பானிங் என்ற கல்லூரி மாணவர் நாப்ஸ்டர் என்ற ஒன்றைத் தொடங்கினார். உங்கள் கணினியில் உள்ள பாட்டை நான் எடுத்துக்கொள்ளலாம், என்னுடையதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். இசைக் கம்பெனிகள் வழக்குப் போட்டு 2001-ல் அதை நிறுத்தின. அதே வருடம் பிட்டாரன்ட் வந்தது. அதை வகுப்பறை உதாரணத்தில் சொல்கிறேன். ஒரு நல்ல மாணவனின் நோட்டை நாற்பது பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு, பிறகு தங்களுக்குள் மாற்றி மாற்றி எழுதினால், ஒரே நேரத்தில் எல்லோரிடமும் முழு நோட்டும் இருக்கும். முதல் நோட்டைப் பிடுங்கினாலும் பயனில்லை. எந்தப் பிள்ளையைத் தண்டிப்பது?

எங்கள் ஊருக்கு இது இணையமாக வரவில்லை, தட்டாக வந்தது. பெரம்பலூர் பேருந்து நிலையப் பக்கம் பிளாட்பாரத்தில் திருட்டு விசிடி. ஒரே எம்பி3 தட்டில் நூற்றைம்பது பாட்டு. ஒரு கேசட்டுக்குக் கொடுத்த காசில் வாழ்நாளுக்கான பாட்டு. புதுப்படம் வெள்ளிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை தட்டு கிடைக்கும். 2004-ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தது. பிடிபட்டவரை விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். சாராயம் காய்ச்சுபவர், ரவுடிகள் வரிசையில் தட்டு விற்பவரும் சேர்ந்தார். பிடிபட்டது பெரும்பாலும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவர்.

எனக்குப் பாட்டு பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் சென்டர்காரர் கதையையும் சொல்லிவிடுகிறேன். கேசட் படுத்ததும் எம்பி3 தட்டு விற்றார். அது படுத்ததும் செல்போன் கடை வைத்து, "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று அட்டை தொங்கவிட்டார். அதுவும் படுத்தது. சில வருடங்களுக்கு முன் வேப்பந்தட்டை பஸ்ஸில் பார்த்தேன். "எங்களத் திருடன்னு சொல்றாங்க சார். நான் ஒவ்வொரு ரெக்கார்டையும் காசு குடுத்து வாங்கினேன். கடைக்கு வாடகை குடுத்தேன். ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பதிஞ்சேன். இப்ப பிள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் குடுக்காம எடுத்துக்குது. அதுக்கு என்ன பேரு?" என்றார். நானும் பதில் சொல்லவில்லை.

பிறகு வந்தது நேரடியாக இணையம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2011-ல் '3' படத்துக்காகப் பதிவு செய்த 'கொலவெறி' பாட்டு முழுமையாவதற்கு முன்பே இணையத்தில் கசிந்துவிட்டது. படக்குழு கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. நவம்பர் 16 அன்று தாங்களே யூடியூபில் அதிகாரப்பூர்வமாக வெளியிட்டார்கள். உலகமே கேட்டது. ஆனால் அதே '3' படத்தைப் பாதுகாக்க 2012-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியபோது, இணைய நிறுவனங்கள் விமியோ, பைரேட் பே போன்ற தளங்களை முழுதாகவே மூடின. சொந்தமாக எடுத்த வீடியோவைப் போட்டவர்களும் மாட்டிக்கொண்டார்கள். திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் முடக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்தியது.

தமிழ்ராக்கர்ஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். முகவரியை முடக்கினால் கடைசி எழுத்துகளை மாற்றிக்கொண்டு அடுத்த நாள் வந்துவிடும். 2018 நவம்பரில் ரஜினியின் '2.0' வெளியாகும் முன்பே 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் வந்த கையோடு அதுவும் இணையத்தில் வந்துவிட்டது. இந்தத் தளங்கள் தர்மத்துக்கு நடப்பவை அல்ல. பார்க்க வருபவர்களிடம் சூதாட்ட விளம்பரம், ஆபாச விளம்பரம் காட்டிச் சம்பாதிப்பவை. நாம் இலவசம் என்று நினைத்துப் போனோம். அவர்கள் நம்மை விளம்பரக்காரரிடம் விற்றார்கள்.

இனி, பாட்டுக்கும் படத்துக்கும் நடந்த வித்தியாசத்தைப் பாருங்கள். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலக இசைத்தொழிலின் வருமானம் 1999-லிருந்து 2014 வரை கிட்டத்தட்ட 40 சதவீதம் விழுந்தது. இசை அழிந்தது என்றே எழுதினார்கள். ஆனால் 2023-ல் 28.6 பில்லியன் டாலர் வந்திருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்ட்ரீமிங் வழியாக. எந்தப் போலீசும் இதைச் செய்யவில்லை. திருட்டை விட நேர்வழி சுலபம் என்று ஆனதும் ஜனங்கள் நேர்வழிக்கு வந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகு, எங்கள் பக்கம் வெங்காயம் அறுக்கப் போகும் பெண்கள்கூடப் போனில் யூடியூப் போட்டுப் பாட்டு கேட்கிறார்கள். நடுவில் விளம்பரம் வருகிறது, உரிமைக்காரருக்கு ஏதோ ஒரு பைசா போகிறது. மெமரி கார்டில் பாட்டு ஏற்ற இப்போது யார் போகிறார்கள்?

படத்துக்கு அந்த வழி இன்னும் சரியாக அமையவில்லை. முயற்சி செய்தவர்கள் உண்டு. 2013-ல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்னதாக டிடிஎச்சில் தர நினைத்தார். தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள். 2015-ல் இயக்குநர் சேரன் சினிமா டு ஹோம் என்று தொடங்கி, தன் படத்தை ஐம்பது ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே கொண்டுவந்தார். அது நிலைக்கவில்லை. 2020-ல் கொரோனா வந்து 'பொன்மகள் வந்தாள்' நேராக ஓடிடியில் வந்தது. இப்போது தியேட்டரில் வந்த படம் சில வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. டிஜிட்டல் புரொஜக்டர் வந்த பிறகு பெட்டியும் இல்லை, பிரிண்டும் இல்லை. பெரிய நடிகர் படம் சென்னையில் வரும் அதே காலையில் பெரம்பலூரிலும் வருகிறது. அந்த வகையில் நாங்கள் கடைசி வரிசையிலிருந்து எழுந்துவிட்டோம்.

ஆனால் சின்னப் படம் எழவில்லை. பெரிய படம் முதல் மூன்று நாளில் போட்டதை எடுக்கப் பார்க்கும். திருட்டுக் காப்பி வந்தாலும் ரசிகர் கூட்டம் போகும். சின்னப் படத்துக்குப் போஸ்டர் ஒட்டவே காசு இருக்காது. பார்த்தவர் நாலு பேரிடம் சொல்லி, இரண்டாவது வாரம் கூட்டம் வந்தால்தான் பிழைக்கும். அந்த நாலு பேரும் சொல்லும்போது, கேட்டவர் கையில் படம் ஏற்கெனவே இருக்கிறது. திங்கட்கிழமை காலிச் சீட்டைப் பார்த்துத் தியேட்டர்காரர் படத்தை எடுத்துவிடுகிறார். என் மாணவரின் படத்துக்கு எங்கள் இரண்டு மாவட்டத்திலும் ஒரு காட்சிகூடக் கிடைக்கவில்லை. பார்க்க வேண்டுமானால் திருச்சி போக வேண்டும். நாற்பது வருடத்துக்கு முன் நாங்கள் நின்ற அதே இடம்.

2023-ல் மத்திய அரசு ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. தியேட்டரில் படத்தைப் பதிவு செய்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகலாம். நல்லது. ஆனால் எங்கள் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் முதல் கட்டிலில் படுத்துப் பார்த்த நான் வரை, அந்த வரிசையை எந்தச் சட்டமும் தொடப்போவதில்லை.

நகலே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஏடு பார்த்து ஏடு எழுதியவர்கள் இல்லாவிட்டால் சங்கத் தமிழ் ஏது? உ.வே.சா. 1887-ல் 'சீவக சிந்தாமணி'யை அச்சில் கொண்டுவர எத்தனை பிரதிகளைத் தேடி அலைந்தார் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். 1931-ல் வந்த 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும் படம். இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. யாராவது ஒருவர் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ அரிய பாடல்கள், சேகரிப்பவர்கள் வீட்டில் இருந்த கேசட்டிலிருந்துதான் இன்று யூடியூபுக்கு வந்திருக்கின்றன. அழியப்போவதை நகல் எடுப்பது காப்பாற்றுவது. வெள்ளிக்கிழமை வந்த படத்தைச் சனிக்கிழமை நகல் எடுப்பது அப்படியல்ல.

இப்போது அந்தப் போனுக்கு வருகிறேன். பொய் சொல்லவில்லை. "டெலிகிராம்ல பார்த்தேன்பா. தப்புதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். "பரவாயில்ல சார். எங்க அம்மாவும் அப்படித்தான் பார்த்தாங்க. நம்ம ஊர்ல படம் வரலன்னா அவங்க வேற என்ன பண்ணுவாங்க? நீங்க பார்த்ததே எனக்குச் சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு சார். அடுத்த படத்துக்கு ஒரு தயாரிப்பாளர்கிட்ட போறப்ப அவர் ரெண்டு கணக்குதான் கேப்பார். எத்தனை டிக்கெட் வித்துச்சு? ஓடிடில எவ்வளவு பேர் பார்த்தாங்க? டெலிகிராம்ல பார்த்தவங்க லட்சம் பேரா இருக்கலாம். என்னால அவங்களக் காட்ட முடியாது."

வருகைப் பதிவேடு எடுத்தவனுக்கு இது சட்டென்று புரிந்தது. பிள்ளை தினமும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை என்றால், மேலே இருந்து பார்ப்பவருக்கு அந்தப் பள்ளியில் பிள்ளையே இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது என்று பள்ளியையே மூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப நான் இப்ப என்ன பண்ணட்டும் தம்பி?" என்றேன்.

"பதினெட்டாம் தேதி ஓடிடில வருது சார். முடிஞ்சா அதுல ஒரு தடவ முழுசா ஓட விடுங்க. கணக்குலயாவது ஏறட்டும்."

மகனிடம் சொல்லிச் சந்தா கட்டினேன். பதினெட்டாம் தேதி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, நானும் என் மனைவியும் டிவியில் போட்டு முதலிலிருந்து கடைசிவரை பார்த்தோம். போன் திரையில் நான் கவனிக்காமல் விட்டது நிறைய இருந்தது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம். லைட்மேன், சமையல்காரர், வண்டி ஓட்டியவர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். நடுவில் என் மாணவர் பெயர். என் மனைவி எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்று அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினார்.

நண்பர்களே, யாருக்கும் உபதேசம் செய்ய இதை எழுதவில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை என்பதைத்தான் மேலே முழுக்க எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர் ரெக்கார்டிங் சென்டர், வீடியோ டெக் ராத்திரி, டூரிங் கொட்டாய் நினைவுகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கடைக்காரர் கையெழுத்தில் அட்டை உள்ள கேசட் யாரிடமாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன. ஓடுகிறதா என்று பார்க்கத்தான் டேப் ரெக்கார்டர் இல்லை.